நியூயார்க் நீதிமன்றத்தில் ‘ஆமாம்’ சொல்லும் முன்

பால் வாங்கும் நேரத்தில் மகளைக் காரில் விட்டுச் சென்ற தந்தை அவர். “குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாமா?” என்று என்னிடம் கேட்டார், கையிலிருந்த காகிதம் நடுங்கியது. நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்; அறிவுரை சொல்லக்கூடாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய வழக்குகளில் வரும் நியூயார்க் தண்டனைச் சட்டம் 260.10இன் கீழ், 17 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடிய செயலைத் தெரிந்தே செய்தாலே குற்றம். காயம் பட்டிருக்க வேண்டியதில்லை. அதிகபட்சம் 364 நாள் சிறை. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கோ, குற்றத்தை ஒப்புக்கொள்வது நாடுகடத்தல் வரை போகலாம். குடியேற்ற விளைவுகளை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள். வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். வழக்கை வழக்கமாக ஆறு மாதம் ஒத்திவைத்து, பிறகு தள்ளுபடி செய்யும் வழிக்கு அரசுத் தரப்பு இசையுமா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். ஒருவரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற தடை உத்தரவு இருந்தால், அவருக்கு உறவினர் மூலம் செய்தி அனுப்புவதும் மீறலாகலாம். குடும்ப நீதிமன்ற வழக்கு தனி; அங்கே வாய் திறக்கும் முன்பும் வழக்கறிஞரைக் கேளுங்கள்.