'புட் ஆஃப்': தள்ளிப்போடும்போது தடுக்கும் இடங்கள்

2020-இல் கொரோனா பரவியபோது டோக்கியோ ஒலிம்பிக்கும் நடக்கவில்லை, விம்பிள்டனும் நடக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை பொருந்தாது. ஒலிம்பிக்கை 2021-க்குத் தள்ளிவைத்தார்கள். அது 'புட் ஆஃப்'. விம்பிள்டனை அந்த ஆண்டு அடியோடு ரத்து செய்தார்கள். அது 'கால் ஆஃப்'. திருமணத்தை அடுத்த முகூர்த்தத்துக்கு மாற்றிய வீட்டார், 'தி வெட்டிங் ஈஸ் கால்டு ஆஃப்' என்று உறவினர்களுக்குச் செய்தி அனுப்பினால் சம்பந்தமே முறிந்துவிட்டதாக ஊர் பேசும். மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது.

அடுத்தது சொல் வரிசை. 'தே புட் ஆஃப் தி மீட்டிங்' சரி. 'தே புட் தி மீட்டிங் ஆஃப்' என்பதும் சரி. 'மீட்டிங்' போய் 'இட்' வந்துவிட்டால் அதற்கு நடுவில்தான் இடம்: 'தே புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' என்று எழுதிவிடுகிறோம். தமிழில் 'அதைத் தள்ளிப்போட்டார்கள்' என்போமே தவிர, தள்ளிக்கும் போட்டதற்கும் நடுவே 'அதை'யைச் செருகுவதில்லையே.

பின்னால் இன்னொரு வினை வந்தால் 'இங்' வேண்டும். 'ஹி புட் ஆஃப் டு கோ டு தி டென்டிஸ்ட்' தவறு. 'புட் ஆஃப் கோயிங்' என்பதே சரி. 'வான்ட் டு', 'டிசைட் டு' என்று பழகிய கை தானாகவே 'டு' போட்டுவிடுகிறது. இங்கே தமிழே துணைக்கு வரும். பல் மருத்துவரிடம் 'போவதை'த் தள்ளிப்போட்டான் என்கிறோம் அல்லவா? அந்தப் 'போவது'தான் 'கோயிங்'.

இறந்தகாலத்திலும் 'புட்'தான், 'புட்டெட்' என்று ஒன்று கிடையாது.

முன்கூட்டியே நடத்துவதற்கு நாம் சொல்லும் 'ப்ரீபோன்' எனக்குப் பிடித்த சொல். இந்தியாவுக்குள் தாராளமாக எழுதலாம். லண்டனுக்கு மின்னஞ்சல் எழுதினால் 'பிரிங் ஃபார்வர்டு' பாதுகாப்பானது.

தள்ளிப்போடப்படுவது நிகழ்ச்சியாக இல்லாமல் ஆளாக இருந்தால் பொருளே மாறிவிடும். 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால் அந்த நாற்றம் குமட்ட வைத்தது, சாப்பிடும் ஆசையே போய்விட்டது என்று பொருள். 'ஹி கெப்ட் புட்டிங் மீ ஆஃப்' என்றால், கொடுத்த பணத்தைக் கேட்கப் போனவரை 'நாளை வா, அடுத்த வாரம் வா' என்று இழுத்தடித்தான் என்று பொருள். இரண்டிலும் 'மீ' நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். 'இட்'டுக்குச் சொன்ன விதியேதான்.