பழைய லாரிக்கு டீசல் டைமிங் பார்ப்பது எப்படி?

புளியரை எஸ் வளைவில் லோடோடு ஏறும்போது வண்டி முக்குகிறது, பின்னால் வெள்ளைப் புகை. உடனே பக்கத்து டிரைவர் சொல்வார்: “அண்ணாச்சி, டைமிங் போயிருச்சு.” இருக்கலாம். ஆனால் டைமிங் தானாக அவ்வளவு எளிதில் நகராது. டீசல் பம்பைக் கழற்றி மாட்டியிருந்தாலோ, அதை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங் போல்ட் தளர்ந்திருந்தாலோதான் முதலில் அதைச் சந்தேகப்படுவேன்.

டீசல் வண்டியில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே வரும்போது எந்தக் கணத்தில் பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்குகிறது என்பதுதான் டைமிங். முந்தினால் இன்ஜின் ‘டக் டக்’ என்று கடுமையாக அடிக்கும். பிந்தினால் இழுவை குறையும், வெள்ளைப் புகை வரும், சைலன்சர் பக்கம் சூடு ஏறும். இங்கே சொல்வது ஆறு சிலிண்டர் வரிசையாக இருக்கும் பழைய மெக்கானிக்கல் பம்புக்கு. சென்சார் வைத்த புது வண்டிக்கு இது பொருந்தாது.

ஸ்பேனரை எடுக்கும் முன் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டேங்கிலிருந்து வரும் பைப் எல்லாவற்றையும் பாருங்கள். ஒருமுறை அரை நாள் டைமிங்கோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் போல்ட்டின் செப்பு வாஷர் நைந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

1. சக்கரத்துக்குக் கல் வையுங்கள், கியர் நியூட்ரலில். பம்பை டீசல் ஊற்றிக் கழுவுங்கள். தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வண்டி என்றால் இதற்கே நேரம் பிடிக்கும். சோம்பல் படாதீர்கள்; ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பம்ப் கெட்டுவிடும்.

2. இன்ஜினைக் கையால் சுற்றி, ஃபேன் பக்கமுள்ள முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷனுக்கு, அதாவது இரண்டு வால்வும் மூடிப் பிஸ்டன் மேலே வரும் நிலைக்கு, கொண்டுவாருங்கள். அதன் வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரும் லேசாக ஆடும். ஆறாவது சிலிண்டரில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கத் தொடங்கும். இதைப் பார்க்காமல் புல்லி மார்க்கை மட்டும் நம்பினால் ஒரு சுற்று தப்பிவிடும்.

3. பம்பில் முதல் சிலிண்டருக்குப் போகும் பைப்பையும் அதன் கீழுள்ள ஹோல்டரையும் கழற்றி, உள்ளே இருக்கும் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துச் சுத்தமான டீசல் உள்ள டம்ளரில் போடுங்கள். வால்வு உட்காரும் சீட் அப்படியே இருக்கட்டும். ஹோல்டரைத் திரும்ப மாட்டி, வாத்துக் கழுத்து போல வளைந்த சிறு பைப்பை அதில் பொருத்துங்கள்.

4. ஆக்சிலேட்டர் லீவரை முழுதாகத் தள்ளிக் கட்டுங்கள். ஸ்டாப் கம்பி இழுபட்டிருக்கக் கூடாது; இருந்தால் டீசல் நிற்கவே நிற்காது, நீங்கள் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

5. இன்ஜினைக் கால் சுற்று பின்னுக்குக் கொண்டுபோய், ஒருவரை ஹேண்ட் பம்ப் அடிக்கச் சொல்லுங்கள். வளைந்த பைப்பில் டீசல் ஒழுகும். இப்போது இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒழுக்கு நூலாக மெலியும், சொட்டாகும், ஒரு சொட்டு நுனியில் தொங்கியபடி விழத் தயங்கும். அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்தில்தான் பம்ப் தள்ளத் தொடங்குகிறது. தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்குத் திருப்பாதீர்கள். கியர் பற்களின் இடைவெளி ஏமாற்றும். மறுபடி கால் சுற்று பின்னால் போய் முன்னே வாருங்கள்.

6. புல்லியிலோ ஃபிளைவீலிலோ உள்ள டிகிரி மார்க்கைப் பாருங்கள். எத்தனை டிகிரி என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டியின் மேனுவலில் உள்ளதே கணக்கு, அடுத்த வண்டிக்காரர் சொல்வது அல்ல. மார்க் வருமுன்பே சொட்டு நின்றால் முந்துகிறது, கடந்தபின் நின்றால் பிந்துகிறது.

7. சரிசெய்ய, இன்ஜினை மார்க்கில் நிறுத்தி, கப்ளிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, பம்ப் ஷாஃப்டை மட்டும் அது ஓடும் திசையில் சொட்டு நிற்கும்வரை திருப்பி இறுக்குங்கள். இறுக்கும்போதே கொஞ்சம் நகரும், அதனால் ஐந்தாவது படியை இன்னொரு முறை செய்யுங்கள்.

அப்புறம் டம்ளரில் கிடக்கும் வால்வை மறந்துவிடாதீர்கள்! அதை மாட்டி, பைப்பை இறுக்கி, ஃபில்டர் தலையில் அடைபட்ட காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒழுகல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். சத்தமும் புகையும் சரியென்றால் லோடு ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டுங்கள். டைமிங் சரியாக நின்றும் புகை நிற்கவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் கொடுத்துச் சோதியுங்கள்.