எரிந்துபோன 74ஹெச்சி595: டேட்டாஷீட்டில் எந்த எண்ணை நம்புவது?

74ஹெச்சி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் (சில கம்பிகளைக் கொண்டே எட்டு அவுட்புட்களை இயக்கும் ஐசி) எட்டு எல்இடிகள். ஒவ்வொன்றாக ஏற்றினால் குறையில்லை. எட்டும் சேர்ந்து எரிந்தால் ஐசி சூடேறுகிறது. ஒரு நாள் ஐசியின் ஏதோ ஒரு பின் (கால்) வேலை செய்வதில்லை. போலி ஐசி என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் தகவல் தாள்) திறங்கள்.

படி 1: 'அப்சல்யூட் மேக்ஸிமம் ரேட்டிங்ஸ்' அட்டவணையைப் பாருங்கள். ஒரு அவுட்புட் பின்னுக்கு 35 மில்லி ஆம்பியர் என்றிருக்கும். எல்இடிக்கு 20 போதுமே என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அது பயன்படுத்தச் சொல்லும் அளவு அன்று. தாண்டினால் ஐசி நிரந்தரமாகப் பழுதாகலாம் என்ற எச்சரிக்கை.

படி 2: அதே அட்டவணையில் சற்றுக் கீழே இறங்குங்கள். விசிசி (சப்ளை), கிரவுண்ட் பின்கள் வழியாக மொத்தம் 70 மில்லி ஆம்பியர்தான் செல்லலாம். எட்டு எல்இடிக்கு 20 வீதம் 160. எந்தப் பின்னும் தன் எல்லையை மீறவில்லை, ஐசி மட்டும் இரு மடங்குக்கு மேல் சுமக்கிறது! இப்படியே பல மாதம் ஓடிவிடும் சர்க்கியூட்டுகளும் உண்டு. பழுதின் காரணம் பிடிபடாமல் போவதும் அதனால்தான்.

படி 3: 'எலக்ட்ரிக்கல் கேரக்டரிஸ்டிக்ஸ்' பகுதிக்குச் செல்லுங்கள். 4.5 வோல்ட் சப்ளையில், 25 டிகிரி செல்சியஸில், 6 மில்லி ஆம்பியர் எடுக்கும்போது அவுட்புட் குறைந்தது 3.98 வோல்ட் இருக்கும் என்று உறுதி தருகிறார்கள். 35 மில்லி ஆம்பியரில் எவ்வளவு வோல்ட் கிடைக்கும் என்ற பேச்சே இருக்காது. வடிவமைக்க இந்த 6 தான் நம்பத் தகுந்த எண்.

படி 4: இனி மல்டிமீட்டர். எல்இடியோடு உள்ள 150 ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டை அளந்து 150 ஆல் வகுங்கள். 2.4 வோல்ட் வந்தால் 16 மில்லி ஆம்பியர். எட்டுக்கும் சேர்த்து 128. எல்லை மீறியது உறுதி.

படி 5: ஐசியைக் கழற்றி, மீட்டரை டயோடு சோதனையில் வையுங்கள். சிவப்பு முனை 8ஆம் பின்னில் (கிரவுண்ட்); கறுப்பு முனையை 15ஆம் பின்னிலும் 1 முதல் 7 வரையும் வைத்துப் பாருங்கள். நல்ல பின்கள் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். பூஜ்யத்தை ஒட்டியோ ஒன்றுமே காட்டாமலோ தனித்து நிற்கும் பின்தான் சேதமடைந்தது.

புதிய ஐசி பொருத்தும்போது ரெசிஸ்டரை 680 ஓம் ஆக்குங்கள். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 4.4 மில்லி ஆம்பியர், மொத்தம் 35. இன்றைய எல்இடிகளுக்கு அதுவே தாராளம். அதிக வெளிச்சம் வேண்டுமானால் இடையில் யுஎல்என்2803 (அதிக மின்னோட்டம் தாங்கும் டிரைவர் ஐசி) போடுங்கள். அது கிரவுண்ட் பக்கம் மட்டுமே இழுக்கும் என்பதால், எல்இடியின் நேர்முனையை ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் இணைக்க வேண்டும். அதனுள்ளேயே சுமார் 0.8 வோல்ட் போய்விடுவதால் 120 ஓம் வைத்தால் ஏறத்தாழ 18 மில்லி ஆம்பியர் கிடைக்கும்.