புதிய தங்கம் தேடும் கருவி பற்றிய ஊகங்களை எடைபோடுவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா தங்கவயல்களில் தேடுவோரிடையே புதிய கருவி வரப்போவதாகப் பேச்சு எழுந்தால், அது எங்கிருந்து புறப்பட்டது என்று முதலில் பாருங்கள். தங்கம் தேடும் உலோகக் கண்டறி கருவிகளைத் தயாரிக்கும் மைன்லேபின் தாய் நிறுவனமான கோடான் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருப்பதால், முதலீட்டாளர்களுக்கு அது வெளியிடும் அறிக்கைகள் கடைக்காரரின் கிசுகிசுவைவிட நம்பத்தக்கவை. காப்புரிமை விண்ணப்பமோ பொருளாக மாறாமலேயே போகலாம்.

அடுத்து, எதிர்பார்க்கப்படும் மேம்பாடு உங்களுக்குத் தேவைதானா என்று ஆராயுங்கள். மைன்லேப் கருவிகளில் 2015இல் வந்த ஜிபிஇசட் 7000 மூன்று கிலோவைத் தாண்டியிருக்க, 2021இல் வந்த ஜிபிஎக்ஸ் 6000 ஏறத்தாழ இரண்டு கிலோவில் அடங்கியது. நாள் முழுவதும் கருவியை இருபுறமும் அசைத்தபடி நடப்பவருக்குக் கூடுதல் ஆழத்தில் தங்கத்தைக் கண்டறியும் திறனைவிட இந்த எடைக்குறைப்பே பெரிது என்பேன்.

பெயர்கூட அறிவிக்கப்படாத கருவிக்காக ஒரு பருவத்தை இழக்காதீர்கள். பழையதை விற்கும் எண்ணமிருந்தால் மட்டும், அதிகாரபூர்வ அறிவிப்பு வந்து விலை சரிவதற்கு முன்பே விற்றுவிடுங்கள்.