கொரியாவுக்குப் போகிற மட்டக்களப்புத் தம்பிமாருக்கு

கொரிய வேலையிலிருந்து லீவில் கல்லடிக்கு வந்திருக்கிறேன். ஒழுங்கைக்கு ஒரு பிள்ளை கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறது. வந்து கேட்பதெல்லாம் சம்பளம், குளிர், ஓவர்டைம். அது போனால் தெரியும். பதிவு அலுவல்களும் அப்படித்தான்: இறங்கியதும் மூன்று நாள் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, 90 நாளுக்குள் வெளிநாட்டவர் அட்டை, பேங்க் கணக்கு. கம்பனிக்காரரே கூட்டிக்கொண்டு போவார்கள். நான் எழுத வந்தது நூடில்ஸைப் பற்றி, அதைச் சாப்பிடக் கூப்பிடும் ஒரு வசனத்தைப் பற்றி.

அங்கே அது பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கும் சாமான் இல்லை. ராமியொன் என்பார்கள். ஜப்பானில் 1958இல் மொமொஃபுகு அண்டோ கொண்டுவந்ததை, 1963இல் சம்யாங் கம்பனி கொரியாவில் செய்யத் தொடங்கியது. ஒரு பக்கெட் 10 வொன். அரிசி தட்டுப்பாடாகி, அமெரிக்கக் கோதுமை வந்திறங்கிய காலம். எங்கள் அம்மம்மா கடைசிவரை கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்றுதான் சொன்னார். அவருக்கு இந்தக் கதை உடனே விளங்கியிருக்கும்.

2016இல் சியோலில், கூயி ரயில் நிலையத்தில் மேடைக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் உள்ள கதவைத் திருத்திக்கொண்டிருந்த 19 வயதுப் பையன் ரயில் மோதி இறந்தான். அவன் பையில் சாப்பிட நேரம் கிடைக்காத கப் நூடில்ஸ் ஒன்று இருந்தது. நாடே அதைப் பார்த்து அழுதது. இரவு வேலைக்கு நடுவில் கப்பில் சுடுதண்ணீர் ஊற்றும்போது எனக்கு அவன் ஞாபகம் வரும்.

சைவக்காரரும் காத்தான்குடி முஸ்லிம் நண்பர்களும் பக்கெட்டில் உள்ள காய்கறிப் படத்தை நம்ப வேண்டாம். பின்னால் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகுங்கள். துவேஜிகோகி என்றால் பன்றி, சோகோகி என்றால் மாடு.

சரி, விசயத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், அதாவது எழும்பிப் போக விடாமல் உபசரிப்பார்கள் என்று மற்ற ஊர்க்காரர் சொல்வார்கள். எங்களுக்கும் அதில் பெருமைதான். படியேறி வந்தவரைச் சும்மா அனுப்பினால் அம்மா ஏசுவார். அந்தப் பழக்கம்தான் என் களுவாஞ்சிக்குடிக் கூட்டாளியைக் கவிழ்த்தது.

ஒருநாள் நல்ல மழை. கந்தோரில் கணக்குப் பார்க்கும் கொரியப் பெண் அவனைத் தன் காரில் ஏற்றி, அறை வாசலில் இறக்கிவிட்டாள். வெறும் நன்றி சொல்லி அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. அறையில் இருந்தது ராமியொன் மட்டும். வகுப்பில் படித்த இலக்கணம் ஒரு பிசகும் இல்லாமல் கேட்டான்: "ராமியொன் மொக்கோ கல்லேயோ?" ராமியொன் சாப்பிட்டுப் போகிறீர்களா, அவ்வளவுதான். அவள் முகம் சிவந்தது. ஒன்றும் பேசாமல் காரை எடுத்தாள்.

2001இல் வந்த ஒரு கொரியப் படத்தில் கதாநாயகி ஏறக்குறைய அப்படிக் கேட்டுத்தான் ஒருவனை வீட்டுக்குள் அழைப்பாள். அதற்குப் பிறகு அந்த வசனத்துக்கு 'இரவு என்னோடு தங்குகிறாயா' என்று அர்த்தமாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பாய் வேறு, அவர்கள் விளங்கிக்கொண்ட பாய் வேறு.

மறுநாள் சுப்பவைசர் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இவன், "சாப்பிடக் கூப்பிட்டது பிழையா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறான். அதோடு ஓவர்டைம் இல்லாத பகுதிக்கு மாற்றினார்கள், மூன்று மாதம். குருநாகல் சிங்கள அண்ணன் ஒருவர்தான் விளங்கப்படுத்தினார், சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. இவன் சிரிக்கவில்லை. தங்கச்சியின் கலியாணத்துக்குக் காசு அனுப்ப வேண்டிய மாதங்கள் அவை. வகுப்பில் அத்தனை வினைச்சொல்லைப் பாடமாக்க வைத்தவர்கள் இந்த ஒரு வசனத்தைச் சொல்லித் தந்திருக்கலாம் என்ற எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

"பாப் மொகொஸ்ஸொயோ?" என்று தாராளமாகக் கேளுங்கள். சோறு சாப்பிட்டீங்களா என்று நாங்கள் சுகம் விசாரிப்பது போலத்தான் அதுவும். உதவி செய்தவருக்கு அடுத்த நாள் வேலைத்தலத்தில் வைத்து ஒரு கோப்பி வாங்கிக் கொடுங்கள். இல்லை, ராமியொன்தான் என்றால் 24 மணிநேரக் கடைக்கு நாலைந்து பேராகப் போங்கள். சுடுதண்ணீர் அங்கேயே இருக்கிறது, கண்ணாடியோரம் நின்று சாப்பிடலாம். என் கூட்டாளி இப்போது அங்கேயும் தனியாகத்தான் போகிறான்.