மோரிஸ் மைனரின் முன்பக்கம்: புது பாகம் போடும்போது எங்கே தவறுகிறோம்

"எல்லாம் புதுசாகப் போட்டேன், ஆனால் முன்பைவிட மோசமாக ஓடுகிறது." பழைய கார் வைத்திருப்பவர்களிடம் இந்தக் குறையை நான் அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் பாகத்தில் கோளாறு இருக்காது. அதை மாட்டிய விதத்தில்தான் இருக்கும். 1948-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த மோரிஸ் மைனரை வைத்தே சொல்கிறேன். பிரிட்டனிலும் இலங்கையிலும் இன்றும் ஓடுகிற வண்டி அது.

முதல் தவறு, எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமலேயே பாகம் வாங்குவது. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் தேய்ந்திருக்கிறது. நிற்கவில்லை என்றால் கிங்பின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் செங்குத்துத் தண்டு), டிரன்னியன் (அந்தத் தண்டை மேல், கீழ் ஆர்ம்களோடு இணைக்கும் மரை போட்ட பாகம்) பக்கம் பாருங்கள். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராட் எண்டையோ (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) ஸ்டியரிங் ரேக்கையோ (ஸ்டியரிங்கின் திருப்பலை அந்தக் கம்பிக்குக் கொடுக்கும் பல்சட்டம்) சந்தேகப்படலாம். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

டிரன்னியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிருக்கே ஆபத்தான தவறு இங்கேதான் நடக்கிறது. மைனரின் கிங்பின்னில் மேலும் கீழும் மரை (திருகுவரி) இருக்கும். அந்த மரையில்தான் டிரன்னியன் ஏறி நிற்கிறது. கீழ் டிரன்னியனின் மரை தேய்ந்து விட்டுப்போனால், ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கிவிடும். இன்னொரு விஷயம், வண்டியின் ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றி எடுத்து முடுக்கினால் முதல் சுற்றிலேயே மக்கர் செய்யும். உடனே ஸ்பேனரில் குழாயைச் செருகி பலம் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கிங்பின்னைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள்: மரைக் கோடுகள் வலப்பக்கமாக மேலேறினால் வலது மரை, இடப்பக்கமாக ஏறினால் இடது மரை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் கண்ணையே நம்புங்கள்.

சரியான டிரன்னியன் கிடைத்தாலும் கடைசி வரை இறுக முடுக்கி அப்படியே விடக்கூடாது. ஸ்டியரிங் திரும்பும்போது கிங்பின்னும் மரையில் சுற்றும்; அதற்கு இடம் வேண்டும். முழுக்க ஏற்றிவிட்டுப் பின்னோக்கித் திருப்பித் தளர்த்தி விடுங்கள். பிறகு சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, எங்கும் முட்டவில்லை என்று பார்த்த பிறகே மற்றதை மாட்டுங்கள். புதிதாக மாட்டியதும் ஸ்டியரிங் கல் மாதிரி கனத்தால், நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான்.

அப்புறம் நட்டு போல்ட்டு. மைனரில் பெரும்பாலும் யூ.என்.எஃப் எனப்படும் அங்குல அளவு நெருக்க மரைதான். 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மி.மீ.; கையில் பிடித்தால் 8 மி.மீ. போல்ட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் மரை இடைவெளி 5/16-இல் 1.06 மி.மீ., சாதாரண எம்8-இல் (8 மி.மீ. போல்ட்டில்) 1.25 மி.மீ. நட்டு ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தை "நன்றாகப் பிடித்துவிட்டது" என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் மரை நொறுங்கிக்கொண்டிருக்கும். 5/16 போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனர் உட்காருவது போலத் தோன்றினாலும் கொஞ்ச நாளில் முனைகளை உருட்டிவிடும்.

டை ராட் எண்டின் கூம்புப் பகுதியில் கிரீஸ் தடவாதீர்கள். கூம்பும் அது உட்காரும் துளையும் சுத்தமாக, உலர்ந்து இருந்தால்தான் பிடிக்கும். நட்டை இறுக்கியும் ஸ்ப்ளிட் பின் (நட்டு கழறாமல் பூட்டும் கம்பி) துளை நட்டுக்குள்ளேயே மறைந்துவிட்டால், கூம்பு முழுதாக உட்காரவில்லை அல்லது அந்தப் பாகமே உங்கள் வண்டிக்கானது இல்லை. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, கூம்பின் இரு முனைகளையும் காலிப்பரால் அளந்து பாருங்கள்.

ஆர்ம் இணையும் இடத்திலுள்ள ரப்பர் புஷ் மாற்றும்போது சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். கையால் முடுக்கிவிட்டு, வண்டியை இறக்கி, இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டபின் கடைசி இறுக்கம் கொடுங்கள்.

ஷாக் அப்சார்பரைக் கழற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: மைனரில் அதன் கைதான் சக்கரத்தை மேலே தாங்கும் மேல் ஆர்ம். கீழ் ஆர்மை ஜாக்கியில் தாங்காமல் அதை எடுத்தால், டார்ஷன் பாரின் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) விசை முழுதும் ஒரே நேரத்தில் விடுபடும். பிரேக் ஹோஸில் (பிரேக் திரவக் குழாயில்) சக்கரம் மாட்டும் ஹப்பைத் தொங்கவிடவும் கூடாது.

எல்லாம் முடிந்ததும் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்தே டிரன்னியன்களுக்கு கிரீஸ் அடியுங்கள். எடை இறங்கியிருந்தால் கிரீஸ் தேவையான பக்கத்துக்குப் போகாது. பழைய கிரீஸ் வெளியே வந்து புதியது எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். வராவிட்டால் கிரீஸ் செலுத்தும் நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வீல் அலைன்மென்ட் இதற்கெல்லாம் பிறகுதான்.