மெலிந்த மண்ணில் தானியப் பயிருக்கு எரு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளமான நிலத்தில் எருவைக் கொஞ்சம் முன்னே பின்னே போட்டாலும் பயிர் சமாளித்துக்கொள்ளும். மண்ணில் இருக்கும் கையிருப்பு குறையை ஈடுகட்டிவிடும். மணற்பாங்கான, கரிமச்சத்து குறைந்த நிலத்தில் அந்தக் கையிருப்பே கிடையாது. எருவில் நாம் செய்த பிழை அதே பருவத்தில் கதிரில் தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மக்காத எருவை மக்கியது என்று நம்பிப் போடுவது. கொட்டகைக்குப் பக்கத்தில் ஆறு மாதம் குவிந்து கிடந்ததாலேயே சாணமும் கூளமும் மக்கிவிடாது. ஈரமில்லாமல் காய்ந்து கிடந்த குவியலுக்குள் நுண்ணுயிர்கள் வேலை செய்திருக்காது. கிளறிப் பார்த்தால் வைக்கோல் வைக்கோலாகவே இருக்கும். அதை அப்படியே உழுது மண்ணில் சேர்த்தால் என்ன ஆகும்? வைக்கோலில் கரிமம் (கார்பன்) அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். இளம்பயிர் பட்டினி கிடக்கும். முதலில் அடியிலைகள் மஞ்சளாகும், தூர் கட்டாது, அதாவது பக்கக் கிளைப்புகள் வராது. வண்டி வண்டியாக எரு அடித்தும் பயிர் வெளுத்து நிற்கிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

சரி, மக்கியதை எப்படி அறிவது? கரும்பழுப்பாக, உதிரியாக இருக்கும். மழை நனைத்த மண்ணின் வாசனை வரும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி இருக்காது. நான் அதிகம் நம்பும் சோதனை வேறு: குவியலைப் புரட்டி, தண்ணீர் தெளித்து, சில நாள் கழித்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். மறுபடி சூடேறினால் வேலை இன்னும் முடியவில்லை.

அந்தச் சூடு வீணல்ல. மாட்டின் வயிற்றைக் கடந்தும் உயிரோடு வெளிவரும் களை விதைகளில் பெரும்பாலானவற்றை அழிப்பது அதுதான். குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் பல நாட்கள் இருக்க வேண்டும். மேற்பரப்பு எப்போதும் ஆறியே இருக்கும் என்பதால், வெளியே உள்ளது உள்ளே போகும்படி சில முறையாவது புரட்டிப் போடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும்.

அடுத்தது கணக்கு. நன்கு மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய 0.5 சதவீதம். எக்டருக்கு 10 டன் போட்டால் 50 கிலோ. அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது கால் பங்கு அளவுதான், அதாவது 12 கிலோ போல. எக்டருக்கு 3 டன் விளையும் மக்காச்சோளத்தின் மணிகள் மட்டுமே 40 கிலோவுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். எரு போட்டாயிற்று என்று மற்ற எல்லா உரத்தையும் ஒரே பருவத்தில் நிறுத்துவது பயிரைப் பட்டினி போடுவதுதான். மெலிந்த மண்ணில் எருவோடு, வளரும் பயிருக்கு இடும் மேலுரம் ஓரளவும், இடையிடையே பயறு வகைப் பயிரும் சேர்வதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. மொத்தத் தழைச்சத்தையும் எருவிலிருந்தே எடுக்கலாம் என்று வருடா வருடம் கொட்டினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேல் சேர்ந்து, மழையில் நீர்நிலைகளுக்குப் போய்விடும். கோழி எரு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதன் உப்பு முளைப்பையே கெடுக்கும்.

வயலில் சிறு சிறு குவியலாக இறக்கிவிட்டு வாரக்கணக்கில் விடுவதும் வேண்டாம். வெயிலில் தழைச்சத்து ஆவியாகும். மழை பெய்தால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கரைந்து குவியலுக்கு அடியிலேயே இறங்கும். பிறகு குவியல் இருந்த வட்டங்களில் மட்டும் பயிர் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். இறக்கிய அன்றே பரப்பி உழுதுவிடுங்கள்.

எரு கொஞ்சம்தான் இருக்கிறதா? அதை வயல் முழுக்கத் தூவுவது வீண். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் இறுகிப்போன நிலத்தில் சோளமும் கம்பும் விதைக்கும் உழவர்கள் 'சாய்' என்ற குழிமுறையைக் கையாள்கிறார்கள். கோடையிலேயே 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, அதில் எருவைப் போட்டுவிடுவார்கள். எருவைத் தேடிவரும் கரையான்கள் மண்ணைத் துளைக்க, அந்த வழியே மழைநீர் இறங்கும். குறைந்த எருவும் குறைந்த மழையும் வேர் இருக்கும் இடத்திலேயே சேர்கின்றன. குழியிலோ சாலிலோ போடும்போது விதை மக்காத எருவைத் தொடக் கூடாது, கருகிவிடும்.

முதல் வருட விளைச்சலை மட்டும் பார்த்துக் கைவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஒரு பார்லி வயலின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் தொழு உரம் இட்டார்கள். பிறகு அங்கே எருவே போடவில்லை. எரு காணாத பகுதியைவிட அது நூறு வருடங்களுக்குப் பிறகும் கூடுதலாக விளைந்தது. வெப்பமான பகுதிகளின் மணல் மண்ணில் கரிமம் வேகமாகக் கரைந்துவிடும், அவ்வளவு நீண்ட பலன் வராது. வருடம் தோறும் இல்லாவிட்டாலும் ஒன்றுவிட்டு ஒரு வருடமாவது போட வேண்டும். வயலில் ஒரு சிறு பட்டையை எரு போடாமல் விட்டுவையுங்கள். மூன்றாவது அறுவடையில் இரண்டையும் தனித்தனியே அடித்து எடை போட்டுப் பாருங்கள்.